டொமைன் பெயரும் பின்னொட்டும்: பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ சொந்த எழுத்துக்கோ முதன்முதலாக டொமைன் வாங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. எந்தப் பின்னொட்டு நல்லது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பிற்பாடு பெரும் சிக்கலாக வருவது வேறு இரண்டு: பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்பதும். அவற்றுக்குக் கீழே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு முகவரியில் டொமைன் பெயர் என்பது எந்தப் பகுதி?

வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பின்னொட்டு: டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் போல. அதற்கு உடனே இடப்பக்கம் இருக்கும் சொல்தான் நீங்கள் பணம் கட்டி வாங்குவது. அதற்கும் இடப்பக்கம் வருபவை துணை டொமைன்கள். டொமைன் வைத்திருப்பவர் அவற்றை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். டாட் கோ டாட் இன் போன்றவற்றில் இரண்டு சொற்களும் சேர்ந்தே பின்னொட்டாகும்.

மோசடி இணைப்புகளைப் பிடிக்கவும் இதே வழிதான். முகவரியின் இடக்கோடியில் உங்கள் வங்கியின் பெயர் இருப்பதால் எதுவும் உறுதியாகிவிடாது; பின்னொட்டை ஒட்டியிருக்கும் சொல் யாருடையது என்பதையே பார்க்க வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் வங்கிகளுக்கென்றே டாட் பேங்க் டாட் இன் என்ற பின்னொட்டை அறிவித்து, 2025 அக்டோபர் 31க்குள் அதற்கு மாறும்படி சொன்னதன் நோக்கமும் இதுதான். அந்தப் பின்னொட்டை வெளியார் யாரும் வாங்க முடியாது.

ஒருமுறை வாங்கினால் எப்போதும் எனக்குச் சொந்தமா?

இல்லை. டொமைனை வாங்குவது என்பது ஒரு காலத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுவது. டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. உரிய நாளில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை பெயர் உங்களிடம் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று படிகள் உண்டு. மேலே டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும், 1998இல் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற அமைப்பு. அதன் கீழே ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவகம்: டாட் காமுக்கு வெரிசைன், டாட் ஆர்குக்கு பப்ளிக் இன்டரெஸ்ட் ரெஜிஸ்ட்ரி, டாட் இன்னுக்கு நிக்சி. மூன்றாவது படியில் உங்களுக்கு விற்கும் பதிவாளர் நிறுவனம். பதிவாளரைப் பிடிக்கவில்லை என்றால் பெயரோடு வேறு பதிவாளரிடம் போய்விடலாம். பதிவகத்தை மாற்ற முடியாது, ஏனென்றால் பின்னொட்டே அதனுடையது. எனவே பின்னொட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் விட்டு விலக முடியாத ஒரு நிறுவனத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது.

டொமைன் வாங்கினால் வலைத்தளமும் மின்னஞ்சலும் கூடவே வருமா?

வராது. தளத்துக்கு ஹோஸ்டிங் (அதன் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்), மின்னஞ்சலுக்கு ஒரு மெயில் சேவை, பாதுகாப்பான இணைப்புக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் ஆகியவை தனித்தனி. சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே போட்டுவிடுகின்றன. டொமைனோடு சேர்த்துச் சான்றிதழுக்கும் தனிக் கட்டணம் கேட்டால், தேவைதானா என்று ஒருமுறை கேளுங்கள்.

பெயரில் என்னென்ன எழுத்துகள் வரலாம்?

ஆங்கில எழுத்துகள் 26, எண்கள் 10, இடைக்கோடு. அவ்வளவுதான் (தமிழ் எழுத்துப் பெயர்களைப் பற்றிக் கீழே). பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. இடைக்கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் 15ஐத் தாண்டினாலே கைப்பேசியில் தட்டுவதும் விசிட்டிங் கார்டில் அச்சிடுவதும் சிரமமாகிவிடும்.

எண்ணையும் இடைக்கோட்டையும் தவிர்ப்பது நல்லது. தொலைபேசியில் சொல்லும்போது "நாலு" என்றால் எண்ணா, ஆங்கிலச் சொல்லா என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்பார். இடைக்கோட்டை விட்டுவிட்டுத் தட்டுகிறவர் அதே பெயர் கொண்ட இன்னொருவரின் தளத்துக்குப் போய்விடுவார்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்களே?

நம்மவர்களுக்கு இதுதான் உண்மையான தலைவலி. ஆங்கில நாட்டுக்காரருக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

"தாழம்பூ" என்று ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகரத்தை 'டி' என்றும் எழுதலாம், 'டிஎச்' என்றும் எழுதலாம். நெடிலுக்கு ஒரு 'ஏ' அல்லது இரண்டு. ழகரத்துக்கு 'எல்' அல்லது 'இசட்எச்'. பூவுக்கு 'யு' ஒன்று அல்லது 'ஓ' இரண்டு. இந்த நான்கு இடங்களில் மட்டுமே 16 விதமான எழுத்துக்கூட்டல் வந்துவிடுகிறது. அத்தனையையும் வாங்கி வைப்பது பணவிரயம்.

இலக்கணப்படி எது சரி என்று பார்க்காமல், கை எதைத் தட்டுகிறது என்று பாருங்கள். எழுத்துக்கூட்டலைச் சொல்லாமல் பெயரை மட்டும் தொலைபேசியில் சொல்லி, பத்துப் பேரை வாட்ஸாப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் பேர் அனுப்பியது முதன்மைப் பெயர். இரண்டாவதாக வந்ததையும் வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடுங்கள். கடைப் பலகையிலும் ஜிஎஸ்டி பதிவிலும் கூகுள் மேப்பிலும் ஏற்கெனவே ஓர் எழுத்துக்கூட்டல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். டொமைனுக்கு மட்டும் தனியாக ஒன்றை வைத்தால் வாடிக்கையாளர் குழம்புவார். நெடிலையும் ழகரத்தையும் ஒரே பெயரில் அடுக்காத சொல் கிடைத்தால் இன்னும் நல்லது. "மலர்", "நிலா" போன்றவற்றை எழுதுவதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை.

இரண்டு சொற்களைச் சேர்த்தால், ஒட்டி எழுதியபின் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இடைவெளி இல்லாததால் வேறு சொல்லாகத் தெரிந்து சங்கடப்பட்ட நிறுவனங்கள் உண்டு.

டாட் காம் வாங்குவதா, டாட் இன் வாங்குவதா?

வாடிக்கையாளர்கள் இந்தியாவுக்குள் இருந்தால் டாட் இன் போதுமானது, நல்ல தேர்வும்கூட. வெளிநாட்டிலும் விற்கிறீர்கள், அல்லது விற்கும் எண்ணம் இருக்கிறது என்றால் டாட் காம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம். டாட் காம் வேறொருவர் கையில் இருந்து, அவரும் அதே தொழில் செய்கிறார் என்றால் டாட் இன்னை வாங்குவதைவிடப் பெயரையே மாற்றுவது மேல். இல்லாவிட்டால் உங்கள் விளம்பரச் செலவில் பாதி அவருக்குப் போய்ச் சேரும். உங்களுக்கு வர வேண்டிய மின்னஞ்சலும் அவரிடம் போகும்.

டாட் இன் 2005இல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. அதனால் டாட் காமில் போய்விட்ட பல நல்ல பெயர்கள் அதில் இன்னும் கிடைக்கின்றன. டாட் இன் பெயரில் உரிமையாளரின் விவரத்தை மறைக்கும் சேவையை நிக்சி அனுமதிப்பதில்லை. பதிவின்போது அடையாளச் சான்றும் கேட்கப்படலாம். உண்மையான பெயரும் முகவரியும் கொடுங்கள். போலி விவரத்தைக் காரணம் காட்டிப் பெயரை முடக்க முடியும்.

டாட் ஏசி டாட் இன், டாட் கவ் டாட் இன் ஆகியவை முறையே கல்வி நிறுவனங்களுக்கும் அரசுக்கும் மட்டும். அமெரிக்காவின் டாட் எடு அங்கே அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கு உரியது. "வாங்கித் தருகிறேன்" என்று தனியார் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டாட் ஐஓ, டாட் ஏஐ, டாட் டிவி எல்லாம் பார்க்க நன்றாக இருக்கின்றனவே?

இரண்டெழுத்துப் பின்னொட்டு பெரும்பாலும் ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியது. டாட் ஏஐ கரீபியன் தீவான அங்குவிலாவுடையது. குறைந்தது 2 ஆண்டுக்குப் பதிவு செய்ய வேண்டும். டாட் டிவி துவாலுவுடையது, டாட் கோ கொலம்பியாவுடையது. விதியும் விலையும் அந்தந்த இடத்து முடிவைப் பொறுத்தவை. 2010இல் லிபியாவின் பதிவகம், தன் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி ஓர் இணைப்புச் சுருக்கித் தளத்தின் டாட் எல்ஒய் பெயரைப் பறித்துக்கொண்டது.

நாடே இல்லாமல் போனால் பின்னொட்டும் போகலாம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010இல் நீக்கப்பட்டது. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. அத்தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டதிலிருந்து அந்தப் பின்னொட்டின் எதிர்காலம் பேசுபொருளாகிவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர் பதற வேண்டியதில்லை. நாட்டுப் பின்னொட்டை நீக்குவது பல ஆண்டு எடுக்கும் வேலை. ஆனால் 20 ஆண்டு நிற்க வேண்டிய குடும்பத் தொழிலை அதன்மேல் இன்று புதிதாகக் கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்றவை முதலாண்டு மிக மலிவாகக் கிடைக்கின்றனவே?

முதலாண்டு விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். டாட் காமுக்குப் பதிவாளர் பதிவகத்துக்குக் கட்டும் ஆண்டு விலைக்கு ஒப்பந்த வழி உச்சவரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலராக இருந்தது. பதிவாளர் தம் லாபத்தையும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் அதன்மேல் சேர்ப்பார். புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. விலையை உயர்த்துமுன் பதிவகம் பதிவாளர்களுக்கு 6 மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது மட்டுமே பாதுகாப்பு. அந்த அறிவிப்பு காதில் விழுந்தால் உடனே பழைய விலையில் 10 ஆண்டு வரை நீட்டித்துக்கொள்ளலாம்.

"பிரீமியம்" என்று குறியிடப்பட்ட பெயர்களில் புதுப்பிப்பும் ஒவ்வோர் ஆண்டும் பிரீமியம் விலையிலேயே இருக்கக்கூடும். பணம் கட்டும் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மலிவான பின்னொட்டுகளுக்கு இன்னொரு குறை: மோசடிக்காரர்களும் அவற்றையே மொத்தமாக வாங்குகிறார்கள். அதனால் சில மெயில் வடிகட்டிகள் அந்தப் பின்னொட்டிலிருந்து வரும் கடிதங்களைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. விலைப்பட்டியலும் ரசீதும் மின்னஞ்சலில் அனுப்பும் தொழிலுக்கு இது நேரடி நட்டம்.

கூகுள் நடத்தும் டாட் ஆப், டாட் டெவ் இரண்டும் சான்றிதழ் இல்லாமல் உலாவியில் திறக்கவே திறக்காது. தளம் வரவில்லை என்றால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

இலவச டொமைன்?

டாட் டிகே உட்படச் சில நாட்டுப் பின்னொட்டுகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் பல ஆண்டு இலவசமாகக் கொடுத்துவந்தது. 2023இல் மெட்டா அதன்மேல் வழக்குத் தொடுத்தது. புதிய பதிவுகள் நின்றன. 2024இல் அது டொமைன் தொழிலைவிட்டே வெளியேறியது. அந்தப் பெயர்களை நம்பித் தளம் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பழகிப் பார்க்க வேண்டும் என்றால் பிளாக்கர், வேர்ட்பிரஸ் போன்றவை தரும் துணை டொமைனே போதும்.

பின்னொட்டைப் பொறுத்துக் கூகுள் தேடலில் முன்னால் வருமா?

வராது. புதிய பொதுப் பின்னொட்டுகளையும் டாட் காமையும் ஒரே மாதிரி நடத்துவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. நாட்டுப் பின்னொட்டு மட்டும் இந்தத் தளம் இந்த நாட்டுக்கானது என்ற குறிப்பைத் தரும். டாட் இன்னுக்கு அது இந்தியா. டாட் ஐஓ, டாட் கோ போல உலகெங்கும் புழங்குபவற்றைக் கூகுள் பொதுப் பின்னொட்டாகவே எடுத்துக்கொள்கிறது.

முகவரி முழுவதையும் தமிழிலேயே வைக்க முடியுமா?

முடியும். மூன்று நாடுகளுக்குத் தமிழில் பின்னொட்டு உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். மூன்றும் 2010, 2011 ஆண்டுகளில் வழங்கப்பட்டவை.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முகவரியைக் கணினி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்புக்கு இன்றும் ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும்தான் தெரியும். அதனால் தமிழ்ப் பெயர் பியூனிகோடு என்ற முறையில் 'எக்ஸ்', 'என்', இரண்டு இடைக்கோடு என்று தொடங்கும் நீண்ட எழுத்துத் தொடராக மாற்றப்படுகிறது. 63 எழுத்து வரம்பு அந்த மாற்றுவடிவத்துக்குத்தான். 'கூ' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. எனவே நீளமான அமைப்புப் பெயர் வரம்பைத் தாண்டிவிடலாம். முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சில செயலிகளில் அந்த மாற்றுவடிவம்தான் தெரியும். பார்ப்பவர் வைரஸ் இணைப்போ என்று பயப்படுவார்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் குறியீட்டில் வேறான எழுத்துகளிலும் கவனம் வேண்டும். 'ஸ்ரீ'யை ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாக உள்ளிட முடியும். 'ஔ' ஓர் எழுத்து. 'ஒ' போட்டு 'ள' போட்டாலும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். இத்தகைய எழுத்துகள் உள்ள பெயரை வாடிக்கையாளர் தட்டும்போது வேறு முகவரியாகிவிடும். அவற்றைத் தவிருங்கள்.

மின்னஞ்சலில்தான் பெரிய இடறல். தமிழ் முகவரிகளோடு கடிதப் போக்குவரத்தை ஜிமெயில் 2014 முதல் ஏற்கிறது. ஆனால் பல இணையப் படிவங்கள் இன்றும் "தவறான முகவரி" என்று திருப்பிவிடுகின்றன. ஆகவே தமிழ் டொமைனை வாங்குங்கள், பலகையில் பெருமையோடு எழுதுங்கள், அதை முதன்மைத் தளத்துக்கு 301 திருப்பலாக (நிரந்தரமாகத் திருப்பிவிடும் முறை) அமையுங்கள். மின்னஞ்சலுக்கும் ஒப்பந்தங்களுக்கும் ஆங்கில எழுத்துப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் முகவரிகளைப் புழங்கப் புழங்கத்தான் மென்பொருள்காரர்கள் இந்தக் குறைகளைச் சரிசெய்வார்கள்.

நான் விரும்பும் பெயரை வேறொருவர் வைத்திருக்கிறார். என்ன வழி?

ஐகேனின் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் பதிவான நாள், காலாவதி நாள், பதிவாளர் ஆகியவை தெரியும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பதிவாளர் வழியாகச் செய்தி அனுப்பலாம். விலை பேசி முடிந்தால், பணத்தை நேரடியாக அனுப்பாமல், பெயர் கைமாறும்வரை பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியே கொடுங்கள்.

உங்களிடம் வணிகச் சின்னப் பதிவு இருந்து, அதைப் பயன்படுத்திப் பணம் பறிக்கவோ ஏமாற்றவோ பிறர் பெயர் பதிந்திருந்தால் முறையிட வழி உண்டு. பொதுப் பின்னொட்டுகளுக்கு 1999இல் வந்த யுடிஆர்பி விதிகள், டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. யுடிஆர்பியில் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் சின்னத்தோடு ஒத்திருப்பது, அவருக்கு நியாயமான உரிமை இல்லாதது, தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தியது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவரிடம் 5 பெயர் வரை வழக்குக் கட்டணம் 1,500 டாலர். வென்றால் பெயர் கிடைக்கும், நட்ட ஈடு கிடைக்காது. "எனக்கு முன்னால் அவர் வாங்கிவிட்டார்" என்பது மட்டும் வழக்காகாது.

தளம் செய்து தருபவரே டொமைனையும் வாங்கித் தருகிறேன் என்கிறார். சரியா?

வாங்கட்டும், ஆனால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பணம் கட்டியது நீங்கள் என்பதற்கு ரசீது இருந்தாலும், அதைக் காட்டிப் பெயரை மீட்பது நெடிய போராட்டம். வடிவமைப்பாளர் தொழிலை விட்டுவிடுவார், தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவார், அல்லது மனக்கசப்பு வந்துவிடும். அப்போது தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதிவாளர் தளத்தில் கணக்கை நீங்களே தொடங்குங்கள். கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் முடங்கினால் அதை மீட்கும் கடிதமும் வராது. இரண்டடுக்குக் கடவு முறையை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள். பதிவான பின் வரும் சரிபார்ப்புக் கடிதத்தை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் பொதுப் பின்னொட்டுப் பெயர்கள் நிறுத்தி வைக்கப்படும். "புதுத் தளம் இரண்டு வாரத்தில் காணாமல் போய்விட்டது" என்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். சங்கம், கோயில், பள்ளி என்றால் தனியாள் பெயரில் வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் பதிந்து, கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும்.

நேம்சர்வரை மாற்றினேன். தளம் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. மின்னஞ்சலும் நின்றுவிட்டது.

நேம்சர்வர் என்பது உங்கள் தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்ற பதிவுகளை வைத்திருக்கும் கணினி. முதலாவது சிக்கல் தானே சரியாகும். டாட் காமில் நேம்சர்வர் விவரத்தை 172,800 விநாடி, அதாவது 2 நாள் வரை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கலாம். இரண்டாவது தானே சரியாகாது. நேம்சர்வரை மாற்றும்போது பழைய இடத்தில் இருந்த பதிவுகள் எதுவும் கூட வருவதில்லை. மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவையும், உங்கள் பெயரில் வரும் மெயில் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் ஆகியவற்றுக்கான டெக்ஸ்ட் பதிவுகளையும் புதிய இடத்தில் முதலில் எழுதிவிட்டு, அதன்பிறகே நேம்சர்வரை மாற்ற வேண்டும். ஹோஸ்டிங்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். முந்தின நாள், தளத்தின் ஐபி எண்ணை (சர்வரின் எண் முகவரியை) சொல்லும் ஏ பதிவின் டிடிஎல் மதிப்பை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிட்டு, மறுநாள் ஐபி எண்ணை மட்டும் மாற்றுங்கள். சில நிமிடங்களில் மாறிவிடும்.

புதுப்பிக்க மறந்துவிட்டேன். பெயர் போய்விட்டதா?

1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட்கூட ஒரு பெயருக்கான 35 டாலரைக் கட்ட மறந்து, ஹாட்மெயில் உள்நுழைவு தடைபட்டது. வெளியாள் ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டினார். பொதுப் பின்னொட்டுகளில் காலாவதியான பின் 45 நாள் வரை பதிவாளர் வழக்கமான விலையில் புதுப்பிக்க விடலாம். ஆனால் அது அவர் விருப்பம். சிலர் அதற்கு முன்பே ஏலம் விடுவார்கள். அழிக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு; அப்போது பல மடங்கு அபராதம் கட்ட வேண்டும். அதன்பின் 5 நாள் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள் யார் முந்துகிறாரோ அவருக்கு. நல்ல பெயர் என்றால் தானியங்கி நிரல்கள் நொடிக்குள் பிடித்துவிடும். நாட்டுப் பின்னொட்டுகளின் கால அளவு வேறுபடும்.

தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டு காலாவதியானாலோ, வங்கி ஒப்புதல் கேட்டு நின்றாலோ பணம் போகாது. முதன்மைப் பெயரை 3 முதல் 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது மேல்.

வேறு பதிவாளருக்கு மாறுவது எப்படி?

பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாள் கடந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் இடமாற்றப் பூட்டை எடுத்து, அங்கீகாரக் குறியீட்டைப் பெற்று, புதியவரிடம் கொடுங்கள். 5 நாள் வரை ஆகும். கட்டும் பணத்துக்கு 1 ஆண்டு கூடுதலாகச் சேரும், இருக்கும் காலம் வீணாகாது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம்.

"உங்கள் பெயரைச் சீனாவில் ஒருவர் பதியப் போகிறார், உடனே பணம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்திருக்கிறது.

பதில் போடாமல் அழித்துவிடுங்கள். தேவையில்லாத பின்னொட்டுகளை உங்கள் தலையில் கட்டும் பழைய தந்திரம் அது. புதுப்பிப்பு ரசீது போல வருபவையும் அப்படித்தான். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், உங்கள் பதிவாளர் தளத்துக்கு நீங்களாகவே போய்க் காலாவதி நாளைப் பாருங்கள்.

பாதுகாப்புக்காக எத்தனை பின்னொட்டுகளை வாங்கி வைப்பது?

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் உள்ளன. எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. சிறு தொழிலுக்கு டாட் காம், டாட் இன், அதிகம் தட்டப்படும் இன்னோர் எழுத்துக்கூட்டல் ஆகிய மூன்றே போதும். சும்மா வைத்திருக்கும் பெயர்களுக்கும் "இதிலிருந்து மின்னஞ்சல் எதுவும் அனுப்பப்படாது" என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவையும், மீறி வருபவற்றை நிராகரிக்கச் சொல்லும் டிமார்க் பதிவையும் எழுதிவையுங்கள். செலவில்லாத வேலை, ஐந்து நிமிடத்தில் முடியும். உங்கள் பெயரில் போலி ரசீது அனுப்ப நினைப்பவரின் கடிதம் பெரும்பாலும் பெறுநரின் பெட்டிக்குப் போய்ச் சேராது.